ஞானசுந்தரி வராமல் இருந்த ஆறு மாதம்

கரையாம்புத்தூர்
9.4.1979

சேசு மரி சூசை

மதிப்பிற்குரிய இக்னேஷியஸ் ஐயா அவர்களுக்கு,

நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். என் அறையில், என் கட்டிலில், என் ஜன்னல் வழியே வரும் கடற்காற்றில் படுத்துக்கொண்டு ஒருவர் நலமில்லாமல் இருக்க முடியாது.

கோபம் ஆறட்டும் என்று எட்டு நாள் காத்திருந்தேன். ஆறவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

உங்களை வரவழைத்தவள் நான்தான், மறுக்கவில்லை. போன வருஷம் டைபாய்டு காய்ச்சலில் ஒரு மாதம் கிடந்தேன் அல்லவா, அப்போது எங்கள் தாய் சேய் சங்கமும் என்னோடு சேர்ந்து படுத்துக்கொண்டது. மருந்து அலமாரிச் சாவி என் தலையணைக்கு அடியில் இருந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். வேலை செய்யும் ஐந்து பெண்களில் மூன்று பேர் என் அறை வாசலில் ஜெபமாலை சொன்னார்கள், இரண்டு பேர் வீராம்பட்டினத்து அம்மனை வேண்டிக்கொண்டார்கள். வயிற்றுப்போக்கோடு தூக்கி வந்த குழந்தைக்கு அலமாரியைத் திறந்து மருந்து கொடுக்க ஒருத்திக்கும் துணிச்சல் வரவில்லை. அந்தக் குழந்தை பிழைத்தது அதன் நல்ல நேரம். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் பிடித்தது. இருபது வருஷமாக நான் ஒரு சங்கத்தை வளர்க்கவில்லை, ஐந்து பேரை எனக்குப் பயப்பட வைத்திருக்கிறேன். சென்னைக் கூட்டமைப்புக்கு எழுதினேன். தலைமை மாறும் சங்கங்களில் வந்து தங்கி, கைமாறும் வரைக்கும் வழிகாட்டுகிற ஆலோசகர் ஒருவர் இருக்கிறார் என்று பதில் போட்டார்கள். நீங்கள் வந்தீர்கள்.

ஒன்பது நாள் எதிரே உட்கார்ந்து என் மண்டைக்குள் இருந்ததையெல்லாம் எழுதி வாங்கினீர்கள். பொறுப்பை அந்த ஐந்து பேரில் ஒருத்தியான சிந்தாமணியிடம் கொடுக்கச் சொன்னீர்கள், கொடுத்தேன். எல்லாம் முடிந்த பிறகுதானே அந்த விதியைச் சொன்னீர்கள்! பழைய தலைவி ஆறு மாதம் ஊருக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. சங்கத்தில் யாருக்கும் ஒரு வரி எழுதக் கூடாது. எழுதுவதானால் ஆலோசகருக்கு மட்டும். செப்டம்பர் 29 வரைக்கும். ஊரை விட்டுத் தள்ளி வைப்பதற்குக்கூடப் பஞ்சாயத்தில் ஒரு குற்றம் சொல்வார்கள். நான் என்ன குற்றம் செய்தேன்?

இங்கே தம்பி மரியதாஸ் வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. தம்பி மனைவி ரோசி என்னை முறத்தைக்கூடத் தொட விடுவதில்லை. "நீங்க சும்மா குந்துங்க அண்ணி" என்கிறாள். சும்மா குந்துவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஒரே ஒரு கேள்வி. காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போகும் தாய்மார்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போக வருகிறார்களே, இப்போது வாசலில் யார் நிற்கிறார்கள்?

வேலையில்லாத,
ஞானசுந்தரி

* * *

பூரணாங்குப்பம்
16.4.1979

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

ஈஸ்டர் வாழ்த்துகள்.

கட்டில் உங்களுடையதுதான். அதன் ஒரு கால் குட்டை என்பதை ஒன்பது நாளில் ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். திரும்பிப் படுத்தால் கட்டிலும் கூடவே திரும்புகிறது.

உங்கள் கேள்விக்கு நான் பதில் சொல்ல முடியாது. சங்க வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாலும் நீங்கள் அங்கிருந்தபடியே கரண்டியைப் பிடுங்குவீர்கள். இது என் பன்னிரண்டாவது சங்கம். காஞ்சிபுரத்தில் ஒரு அநாதை இல்லம், தஞ்சாவூரில் ஒரு பார்வையற்றோர் சங்கம் என்று பதினோரு இடங்களில் பதினோரு பேர் என்னைத் திட்டிக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். உங்கள் கடிதம்தான் எழுத்துப் பிழை இல்லாமல் திட்டுகிறது.

வேலையைச் சேராத ஒன்றை மட்டும் சொல்கிறேன். உங்கள் நாற்காலி காலியாக இருக்கிறது. சிந்தாமணி அதில் உட்காருவதில்லை. குழந்தைகளின் கோரைப்பாயில் உட்கார்ந்து, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு எழுதுகிறாள். ஏன் என்று கேட்டேன். "வூட்டுக்காரங்க இல்லாத வூட்ல நாம எப்டி சார் நாற்காலில குந்தறது?" என்றாள். நான் வற்புறுத்தவில்லை. நாற்காலியில் உட்காரச் சொல்லி ஒருவரைத் தலைவி ஆக்க முடியாது.

தங்கள்,
இக்னேஷியஸ்

* * *

கரையாம்புத்தூர்
7.5.1979

இக்னேஷியஸ் ஐயாவுக்கு,

குட்டைக் காலுக்கு அடியில் பழைய ஜெபப் புத்தகத்தின் அட்டை ஒன்றை மடித்து வைத்திருந்தேன். பெருக்குகிறவர்கள் எடுத்துப் போட்டிருப்பார்கள். வேறு ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். இது சங்க வேலையில் சேராது என்று நினைக்கிறேன்.

நாற்காலியைப் பற்றிப் படித்ததும் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. மறைப்பானேன்? அப்புறம் அந்தச் சந்தோஷத்தை நினைத்து வெட்கமாக இருந்தது. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். பங்குச் சாமியார் "இதெல்லாம் ஒரு பாவமா?" என்று கேட்டு மூன்று அருள்நிறை மந்திரம் கொடுத்தார். அவருக்கு என்ன தெரியும்!

இங்கே பெண்ணையாறு பக்கம்தான். கரும்பு இருக்கிறது, நெல் இருக்கிறது. கடல் இரைச்சல் மட்டும் இல்லை. விழித்ததும் காது அதைத் தேடுகிறது. பிறகு கை தேடுகிறது. அந்த நேரத்தில் இருபது வருஷமாக என் இடுப்பில் யாராவது ஒரு குழந்தை இருந்திருக்கிறது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு ஏங்கியதும் இல்லை, நேரம் இருந்தால்தானே. இப்போது ஐம்பத்து நாலு வயதில் எனக்கு நேரம் கொடுத்திருக்கிறீர்கள். இதை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

ஞானசுந்தரி

* * *

பூரணாங்குப்பம்
28.5.1979

அம்மையாருக்கு,

கருவாடு விற்கிற காசம்மாள் வாரம் ஒரு தடவை கரையாம்புத்தூர்ப் பக்கம் வருகிறாள் என்பதை நான் கவனித்திருக்க வேண்டும். என் தவறு. அவளுடைய கூடையில் நெத்திலிக்கு அடியில் நீங்கள் வைத்து அனுப்பிய சீட்டு இப்போது என் மேஜையில் நாறிக்கொண்டிருக்கிறது. "பால் பவுடர் பழையபடி காலை பத்து மணிக்கே கொடுக்கப்பட வேண்டும். நேரத்தை மாற்றச் சொன்னது யார்?" உங்கள் கையெழுத்து.

மாற்றியது சிந்தாமணி. யாரையும் கேட்காமல் அவள் எடுத்த முதல் முடிவு அது. மீன் விற்கப் போகும் பெண்கள் பொழுது விடியுமுன் கூடை தூக்கிப் போய்ப் பிற்பகலில்தான் திரும்புகிறார்கள். "மீன்காரிக்கு பத்து மணி எங்க சார் இருக்குது?" என்று கேட்டுவிட்டு, நேரத்தை நாலு மணிக்கு வைத்தாள். அந்த வாரம் நாற்பது பெண்கள் புதிதாக வந்தார்கள். இதுவரை சங்கத்து வாசலையே மிதிக்காதவர்கள்.

உங்கள் சீட்டைப் படித்தவள் அலமாரிச் சாவியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "அம்மாக்கு புடிக்காத வேலைய நான் செய்ய மாட்டேன். வேற ஆள பாத்துக்குங்க சார்" என்றாள். மூன்று நாளாகப் பால் பவுடர் யாருக்கும் கிடைக்கவில்லை. நாலு மணிக்கு வந்த பெண்கள் பாத்திரத்தோடு திரும்பிப் போனார்கள்.

இதற்கு மேல் எழுதினால் மரியாதை குறைந்துவிடும்.

இக்னேஷியஸ்

* * *

கரையாம்புத்தூர்
4.6.1979

ஐயா,

நான்கு தடவை எழுதிக் கிழித்தேன்.

இருபது வருஷம் பத்து மணிக்குக் கொடுத்தேன். வராத மீனவப் பெண்களைப் பிள்ளை மேல் அக்கறை இல்லாதவர்கள் என்று நானே திட்டியிருக்கிறேன். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் கேட்டபோதும் அப்படித்தான் சொன்னேன். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு நாள் போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பத்து மணி எனக்குச் சௌகரியமாக இருந்தது. அவ்வளவுதான்.

சீட்டு எழுதியது பால் பவுடருக்காக இல்லை. என் பேச்சு இன்னும் அங்கே செல்லுபடியாகிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் எழுதினேன். செல்லுபடியாகிறது. நாற்பது குழந்தைகள் அதற்கு விலை கொடுக்கின்றன.

சிந்தாமணியிடம் மன்னிப்புக் கேட்டு ஒரே ஒரு கடிதம் எழுத விடுங்கள். அவளை மறுபடி சாவியை வாங்க வையுங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஞானசுந்தரி

* * *

பூரணாங்குப்பம்
22.7.1979

அன்புள்ள ஞானசுந்தரி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தின் இரண்டாவது பத்தியை மட்டும் சிந்தாமணிக்குப் படித்துக் காட்டினேன். "அம்மாவா இப்டி எழுதிக்கிறாங்க?" என்று மூன்று தடவை கேட்டாள். மறுநாள் காலை மேஜையில் இருந்த சாவியைக் காணவில்லை. அவள் இடுப்பில் இருந்தது. நாலு மணிக்குப் பால் பவுடர் கொடுத்தார்கள்.

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் உண்டு. விதி எங்கிருந்து வந்தது என்று நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நானாகச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

செங்கல்பட்டில் நான் பத்தொன்பது வருஷம் தலைமையாசிரியர். ஓய்வு பெற்ற அடுத்த நாளே பள்ளிக்கூடம் போனேன். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான். தினமும் போனேன். மனைவி இறந்து வீடு வெறிச்சென்று கிடந்தது, வேறு போக்கிடமும் இல்லை. எனக்குப் பிறகு வந்தவர் நல்ல மனிதர். மணி அடிப்பதற்குக்கூட ஆசிரியர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். ஒரு வருஷத்துக்குள் அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். போகும்போது என்னைப் பார்த்துக் கை கூப்பினார். அதற்குப் பிறகுதான் கூட்டமைப்பில் சேர்ந்தேன். எனக்கு விதிக்கப்பட்டிருக்க வேண்டியதை உங்களுக்கெல்லாம் விதித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிந்தாமணி வேலையை நன்றாகவே செய்கிறாள், ஆனால் பயம் போகவில்லை. அம்மா திரும்ப வந்து இந்த நாற்காலியில் உட்கார வேண்டும், அப்படி உட்கார்ந்தால் மாவிளக்கு போடுகிறேன் என்று வீராம்பட்டினத்துச் செங்கழுநீர் அம்மனுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாள். தன் பதவி போக வேண்டும் என்று வேண்டுதல் வைத்த தலைவியை நான் இப்போதுதான் பார்க்கிறேன். இதை உங்களிடம் சொல்லக் கூடாது. ஆனால் உங்களிடம் மறைக்க இப்போதெல்லாம் மனம் வருவதில்லை.

இக்னேஷியஸ்

* * *

கரையாம்புத்தூர்
18.8.1979

அன்புள்ள இக்னேஷியஸ் ஐயாவுக்கு,

நேற்று வெள்ளிக்கிழமை வீராம்பட்டினத்துத் தேருக்குப் போனேன். சங்கத்துக்காரர்கள் எல்லோரும் வரும் இடம், விதியை மீறினேன். இந்தத் தடவை நானே சொல்லிவிடுகிறேன், காசம்மாள் மூலமாகத் தெரிய வேண்டாம்.

என் பெயரில் ஒரு வேண்டுதல் இருக்கிறது என்று நீங்கள் எழுதிய நாளிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவள் நான், அம்மனிடம் எனக்கென்ன வேலை? ஆனாலும் யாரோ ஒருத்தி நான் வர வேண்டும் என்று சாமியிடம் கேட்டிருக்கிறாள். அந்த நினைப்பிலேயே நாலு வாரம் வயிறு நிறைந்திருந்தது. ரோசியிடம் பாகூருக்குப் போய் வருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். சிந்தாமணி முன்னால் போய் நின்று, "வந்துட்டேன்டி" என்று சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

வளையல் கடைக்குப் பின்னால் முக்காடு போட்டுக்கொண்டு நின்றேன். தேர் அசைந்ததும் கூட்டம் நெருக்கியது. எனக்குப் பத்தடி தள்ளி நிறைமாதக்காரி ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பனிக்குடம் உடைந்தது கண்ணுக்குத் தெரிந்தது. ஐயா, எண்ணூறு பிரசவம் பார்த்த கை இது. என்னை அறியாமல் முந்தானையைச் செருகிக்கொண்டு ஒரு எட்டு வைத்துவிட்டேன்.

அதற்குள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு சிந்தாமணி வந்தாள். "ஆம்பளைங்கல்லாம் அப்பால போங்கப்பா! யக்கா, பொடவைய புடி, சுத்தி நில்லு! இன்னாடி வேடிக்கை பாக்குற, சுடுதண்ணிக்கி ஓடு!" கருவாட்டுக் கொட்டகைக்குள் தூக்கிப் போனார்கள். முக்கால் மணி நேரம் வெளியே நின்றேன். நான் பிரசவம் பார்த்திருந்தால் இவ்வளவு வியர்த்திருக்காது. குழந்தை அழுத சத்தம் கேட்டது. பெண் பிள்ளை என்றார்கள்.

வெளியே வந்தவள் கையைக் கழுவிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா இருந்திருந்தால் என்று ஒரு நொடியாவது தேடுவாளா என்று பார்த்தேன். தேடவில்லை.

நான் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினேன். பெருமையாக இருந்தது. வழியெல்லாம் அழுதேன்.

ஞானசுந்தரி

* * *

பூரணாங்குப்பம்
10.9.1979

அன்புள்ள ஞானசுந்தரி,

'அவர்கள்' போடவில்லை, மன்னிக்கவும். போட்டுப் பார்த்தேன், பொருந்தவில்லை.

விதியை மீறியதற்கு உங்களைக் கடிந்துகொள்ள வேண்டும். என்னால் முடியவில்லை. அந்த ஒரு எட்டோடு நிற்க எனக்குத் தெரிந்திருந்தால் செங்கல்பட்டில் அந்த நல்ல மனிதர் இன்றும் இருந்திருப்பார்.

அடுத்ததை எழுதலாமா என்று மூன்று வாரம் யோசித்தேன். தேர் முடிந்த அடுத்த வாரம் சிந்தாமணி என்னிடம் வந்தாள். "சார், நேந்துகிட்டத திருப்பி வாங்கிக்க முடியுமா?" என்று கேட்டாள். நான் சாமி விஷயத்தில் ஆலோசகர் இல்லை என்றேன். அவளே கோயிலுக்குப் போய் மாவிளக்கு போட்டுவிட்டு வந்தாள். "தாயே, பயத்துல கேட்டுட்டேன். அந்த வேண்டுதல வுட்டுடு, மாவெளக்க மட்டும் எடுத்துக்கோன்னு சொல்ட்டேன் சார்" என்றாள். பிறகு மெதுவாக, "அம்மாக்கு தெரிஞ்சா வருத்தப்படுவாங்களா?" என்று கேட்டாள். இப்போது அவள் உங்கள் நாற்காலியில்தான் உட்காருகிறாள். எப்போது உட்கார்ந்தாள் என்று அவளுக்கே நினைவில்லை.

ஆக என் வேலை முடிந்தது. விதிக்கு இன்னொரு பாதி உண்டு, அதை உங்களிடம் சொல்லவில்லை. பழைய தலைவி திரும்பும் நாளில் ஆலோசகர் ஊரில் இருக்கக் கூடாது. இருந்தால் ஆளுக்கு ஒரு பக்கம் நியாயம் கேட்டு ஓடுவார்கள். 29ஆம் தேதி காலை ஏழேகால் பஸ்ஸில் நான் சென்னைக்குப் போகிறேன். நீங்கள் வரும்போது அறை பெருக்கி வைக்கப்பட்டிருக்கும்.

ஆறு மாதமாக உங்கள் கட்டிலில் படுத்து, உங்கள் ஜன்னலில் பார்த்து, உங்கள் கடிதங்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். நேரில் பார்த்தது ஒன்பதே நாள், அதிலும் பாதி நேரம் சண்டை. தபால்காரர் அரங்கநாதன் தெருமுனையில் திரும்பும்போதே எனக்கு வந்திருக்கிறதா இல்லையா என்று அவர் நடையைப் பார்த்தே சொல்லிவிடுகிறேன். அறுபத்தைந்து வயதில் இது என்ன கூத்து என்று எனக்கே விளங்கவில்லை.

இக்னேஷியஸ்

* * *

கரையாம்புத்தூர்
20.9.1979

அன்புள்ள இக்னேஷியஸுக்கு,

வருத்தப்படுவாங்களா என்று கேட்டாளாம். பட்டேன். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. நான் வர வேண்டும் என்று உலகத்தில் இருந்தது ஒரே ஒரு வேண்டுதல், அதையும் சாமியிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அவள் சரியாகத்தான் செய்தாள். இதற்காகத்தானே உங்களை வரவழைத்தேன். நினைத்தது நடந்தால் இப்படித்தான் வலிக்கும் என்று யாராவது முன்னமே சொல்லியிருக்கலாம்.

யோசித்து முடிவுக்கு வந்துவிட்டேன். பூரணாங்குப்பத்தில் இருக்கப் போவதில்லை. காலை ஏழு மணிக்கு வாசலில் நிற்க ஆள் இருக்கிறது. பிரசவம் பார்க்க ஆள் இருக்கிறது. நான் அங்கே போய் உட்கார்ந்தால் எல்லோரும் மரியாதையாக எழுந்து நிற்பார்கள், அவ்வளவுதான். கடல் இருக்கிறதே என்பீர்கள். கடல் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. எனக்காகக் காத்திருக்கிறவர் என்று அங்கே ஒருவரும் இல்லாதபோது, ஆறு மாதம் ஏங்கினேன் என்பதற்காகத் திரும்பிப் போக முடியுமா?

29ஆம் தேதி சனிக்கிழமை காலைப் பஸ்ஸில் வருவேன், பத்தேகாலுக்கு நம் ஊர்ப் பஸ் நிறுத்தமான தவளக்குப்பத்தில் இறங்குவேன். என் பெட்டியை எடுத்துக்கொண்டு மூன்று மணி பஸ்ஸில் தம்பி வீட்டுக்கே திரும்பிவிடுவேன். சிந்தாமணியிடம் மட்டும் சொல்லி வையுங்கள். நீங்கள் அதற்குள் செங்கல்பட்டைத் தாண்டியிருப்பீர்கள்.

உங்கள் கூத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. இங்கே தபால்காரர் எங்கள் தெருவுக்கு வருவது பதினொன்றரைக்கு. பதினொரு மணிக்கே ரோசி, "போங்க அண்ணி, போயி வாசல்ல நில்லுங்க" என்று சிரிக்கிறாள். அதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

நல்லபடியாகப் போய்ச் சேருங்கள்.

ஞானசுந்தரி

* * *

தவளக்குப்பம் பஸ் நிறுத்தம்
29.9.1979, காலை

ஞானசுந்தரிக்கு,

பேனா பெட்டிக்கு அடியில் போய்விட்டது. டீக்கடையில் பென்சில் வாங்கி எழுதுகிறேன்.

ஏழேகால் பஸ் வந்தது. கண்டக்டர், "இன்னா பெரியவரே, ஏறலையா?" என்றார். அடுத்த வண்டியில் வருகிறேன் என்றேன். எட்டு மணிக்கு அடுத்த வண்டியும் வந்தது. எட்டே முக்காலுக்கு இன்னொன்று. டீக்கடைக்காரர் நாலாவது டீயைக் கேட்காமலே போட்டுக் கொடுத்துவிட்டார்.

ஒன்பது மணிக்குச் சிந்தாமணி சைக்கிளில் வந்தாள். என்னைப் பெட்டியோடு பார்த்துவிட்டு, "பஸ் வரலயா சார்?" என்று கேட்டாள். வந்தது, போய்விட்டது என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். "அம்மாவ கூப்புட வந்தேன். எனக்கு வூட்டாண்ட வேலை கெடக்குது சார், நீங்களே கூட்டிகினு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனாள். ஆறு மாதத்தில் நான் கேட்காமல் அவள் எனக்குச் சொன்ன முதல் ஆலோசனை இதுதான்.

பன்னிரண்டு சங்கங்களில் நான் வைத்த விதியை இன்றைக்கு நானே மீறுகிறேன். கூட்டமைப்புக்கு ராஜினாமாவை நேற்றே எழுதிப் போட்டுவிட்டேன். அந்த ஆலோசகர் காலையிலேயே ஊரை விட்டுப் போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். இங்கே உட்கார்ந்திருப்பவன் வெறும் இக்னேஷியஸ்.

உங்களுக்காகக் காத்திருக்கிறவர் ஒருவரும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அது தவறு. ஒருவர் இருக்கிறார். பூரணாங்குப்பத்தில் சங்கத்துக்குத் தள்ளி ஒரு வீடு பார்க்கலாம் என்பது அவருடைய ஆசை. உங்களுக்குப் பிடிக்காவிட்டால் கரையாம்புத்தூரிலேயே பார்க்கலாம், கடல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வேண்டாம் என்றால் மூன்று மணி பஸ்ஸில் உங்கள் பெட்டியை ஏற்றிவிட்டு அவர் அடுத்த பஸ்ஸைப் பிடிப்பார். அதற்காக உங்கள் மேல் ஒரு குறையும் நினைக்கமாட்டார்.

இந்தக் கடிதத்துக்குத் தபால்தலை ஒட்டவில்லை. நீங்கள் இறங்கியதும் கையில் கொடுக்கப் போகிறேன். இங்கேயே நின்று படியுங்கள். பதிலை எழுத வேண்டாம், வாயால் சொல்லுங்கள்.

பாகூர்ப் பக்கமிருந்து பஸ் வருகிறது. நிறுத்துகிறேன்.

இக்னேஷியஸ்